கொடி ஏறிய நாளில் பூட்டிய வீடுகள்

தீவு என்று எழுதியதற்குத்தான் முதல் வசவு வாங்கினேன்.

"பெரம்பலூர்ல எங்கம்மா இருக்கு தீவு? தீவுன்னா சுத்தியும் தண்ணி இருக்கணும். இங்க குடிக்கவே தண்ணியக் காணோம்" என்றார் மேலாபீஸ் சூப்பிரண்டு. பக்கத்து மேஜைக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். ஊராட்சி செயலர் வேலையில் பாதி, மேலே இருப்பவர் சிரிக்கும்போது கூடச் சிரிப்பதுதான். பிறகு அந்த வார்த்தையை அடித்துவிட்டு, 'போக்குவரத்து துண்டிக்கப்பட்ட குடியிருப்பு' என்று திருத்தி நீட்டினேன்.

ஆனால் அது தீவுதான். யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன்.

வேப்பந்தட்டைக்கு மேற்கே மலையடிவாரத்தில் முப்பது சொச்சம் வீடுகள். ஒரு காலத்தில் அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போனவர்களுக்கு அரசாங்கம் பட்டா கொடுத்து உட்கார வைத்த இடம். இப்போது ஒரு வீட்டில் ஆடு, ஒரு வீட்டில் கறவை மாடு, ஒருத்தி தையல் மிஷின் போட்டிருந்தாள், ஒருவர் வயரிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். இந்த வீடுகளுக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவில் ராணுவத்தின் துப்பாக்கி சுடும் பயிற்சித் தளம். முன்பு சின்னதாகத்தான் இருந்தது. பிறகு விரிவாக்கம் என்று ஆரம்பித்தார்கள். வடக்கே இருந்த புறம்போக்கு போனது. தெற்கே ஆடு மேய்ந்த தரிசும் போனது. மூன்று பக்கம் கம்பிவேலி, நாலாவது பக்கம் மலை. வெளியே போக இருந்த ஒரே ரோடு தளத்துக்குள்ளேதான் போகிறது. சுடுகிற நாளில் சிவப்புக் கொடி ஏற்றுவார்கள். கொடி ஏறிவிட்டால் விடிந்ததிலிருந்து சாயங்காலம் வரை கேட் மூடியிருக்கும்.

என் அக்கா அங்கேதான் வாழ்க்கைப்பட்டாள். எங்கள் பிறந்த வீடு அரியலூர். சுண்ணாம்புக்கல் லாரி போகிற ரோட்டோரம். காலையில் கழுவிக் கவிழ்த்த தட்டில் மத்தியானம் விரலால் பெயர் எழுதலாம், அவ்வளவு புழுதி. கல்யாணம் ஆன புதிதில் அக்கா போன் செய்யும்போதெல்லாம் ஒரே பீற்றல். "இங்க காத்து எப்படி வருது தெரியுமாடி? துணி காயப்போட்டா வெள்ளையாவே இருக்குது." எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. பிறகு எனக்கும் அந்தப் பக்கமே வேலை கிடைத்து, அவள் ஊரும் என் ஊராட்சிக்குள்ளேயே வந்தபோது, இருவரும் கொண்டாடினோம்.

மாமாவுக்குச் சிறுநீரகம் பழுதானதோடு கொண்டாட்டம் முடிந்தது. வாரத்துக்கு இரண்டு தடவை பெரம்பலூர் பெரியாஸ்பத்திரியில் டயாலிசிஸ். அவர் அதை "ரத்தம் கழுவ போறேன்" என்பார். செவ்வாய், வெள்ளி என்று ஆஸ்பத்திரியில் நாள் குறித்திருந்தார்கள். கொடிக்குச் செவ்வாய், வெள்ளி எல்லாம் தெரியுமா? ஒரு செவ்வாய் கொடி ஏறியது. மறு வெள்ளியும் ஏறியது. மாமாவின் கால் வீங்கி, செருப்புக்குள் நுழையவில்லை. படுத்தால் மூச்சு வாங்கும், உட்கார்ந்தபடியே தூங்குவார். மலையைச் சுற்றி ஒற்றையடிப் பாதை ஒன்று உண்டு. அதில் ஆடு போகும், அவர் போக முடியாது.

அந்தப் பாதையை வண்டி போகிற ரோடாக்க நிதி வேண்டும். நான் எழுதிய கருத்துரு அதற்குத்தான். ஊருக்கே ரோடு என்று எழுதினேன். மனதுக்குள் மாமாவுக்கு என்று எழுதினேன். மறைப்பானேன்?

கிராம சபையில் தீர்மானம் போட்டோம். ஓவர்சியரைக் கையைக் காலைப் பிடித்து மதிப்பீடு வாங்கினேன். மேலே அனுப்பினேன். ஒரு தடவை வரைபடம் இல்லையென்று திரும்பியது. இன்னொரு தடவை வரைபடம் பழையதென்று திரும்பியது. பிறகு தளத்தின் தடையின்மைச் சான்று கேட்டார்கள். தளத்தில் கேட்டால் உங்கள் மேலாபீஸ் வழியாகக் கேளுங்கள் என்றார்கள். தளத்துக்குப் புதுச் சுற்றுவேலி போட மட்டும் கம்பி லாரி லாரியாக வந்து இறங்கியது. அந்தக் கோப்பை எந்தக் கிறுக்கனும் வரைபடம் இல்லையென்று திருப்பியிருக்க மாட்டான். நாட்டுக்குப் பாதுகாப்பு வேண்டாம் என்று நான் சொன்னேனா? எல்லையில் நிற்கிறவர்களில் பெரம்பலூர் பிள்ளைகளும் இருக்கிறார்கள். காக்கிற நாட்டுக்குள்ளேதானே என் மாமாவும் இருக்கிறார்?

ஒருவழியாகக் கள ஆய்வுக்கு ஒரு அதிகாரி வருவதாகத் தபால் வந்தது. அதே தபாலில் இன்னொரு கடிதம், தளத்திலிருந்து. இன்ன தேதியில் பயிற்சி, பொதுமக்களும் கால்நடைகளும் விலகியிருக்க வேண்டும் என்று வழக்கமான அறிவிப்பு. இரண்டையும் மேஜைமேல் வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் ஒரே தேதி. அதிகாரி தளம் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். தளத்து ஆட்கள் முழுசாக இருக்கிற நாளில் வந்தால் கூட்டிப்போக வசதி என்று அவர்களே பேசி வைத்திருக்கிறார்கள்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே, "வரட்டும், வரட்டும், கண்ணால பாக்கட்டும்" என்று சொல்லிக்கொண்டேன். கொடி ஏறியிருப்பதை, கேட் மூடியிருப்பதை அதிகாரியே பார்த்துவிட்டால் வேறென்ன சாட்சி வேண்டும்? அவ்வளவு புத்திசாலி நான்.

கொடி நாளில் அந்த ஊர் என்ன செய்யும் என்பதை யோசிக்க வேண்டியவள் நான்தான். எனக்குத் தெரியாததும் இல்லை. எப்போதோ வழி தவறி வந்த குண்டு ஒன்று தண்ணீர்த் தொட்டியைத் துளைத்துவிட்டது. அதிலிருந்து கொடி ஏறுகிற நாளில் ஊரில் ஒரு குஞ்சுகூட இருக்காது. இருட்டு பிரிகிறபோதே சோற்றைக் கட்டிக்கொண்டு, ஆடுமாட்டை ஓட்டிக்கொண்டு, கோழிகளைக் கூடையில் அடைத்துத் தூக்கிக்கொண்டு, மலையின் அந்தப் பக்கம் இருக்கிற புளியந்தோப்புக்குப் போய்விடுவார்கள். மாமா மாதிரி நடக்க முடியாதவர்களைக் கட்டிலோடு தூக்கிப்போவார்கள். அதுவும் தோப்பு வரைதான், அங்கிருந்து வண்டி வருகிற ரோட்டுக்கு இன்னும் வெகுதூரம். ஒரு தடவை ஆளில்லாத வீட்டில் பித்தளைக் குடம் களவு போனதால் எல்லா வீட்டுக்கும் பூட்டு. போகிற அவசரத்தில் யாரும் வாசல் கூட்ட மாட்டார்கள், கோலம் போட மாட்டார்கள். துணி காயப்போடும் கயிறுகூட வெறுமையாக இருக்கும்.

முந்தின நாள் அக்காவுக்குப் போன் செய்து, ஆபீசர் வருகிறார், எல்லோருக்கும் சொல்லிவிடு என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். வீட்டிலேயே இருங்கள் என்று சொல்லவில்லை. அதைத் தனியாக வேறு சொல்ல வேண்டுமா என்று நினைத்தேனோ, நினைக்கவே இல்லையோ, இப்போது எனக்கே தெரியவில்லை.

அங்கே அக்கா வீடுவீடாகப் போய் என்ன சொன்னாள் என்பது பிறகுதான் தெரிந்தது. "நாளைக்கி ஆபீசர் வராராம். கொடி நாளு வேற. அவரு கண்ணு முன்னாடியே ரூல்ஸ மீறிக்கிட்டு நின்னா நல்லாவா இருக்கும்? அடங்காத சனம்னு எழுதிட்டா ரோடு வருமா? ஒருத்தரும் பாக்கி இல்லாம கெளம்பிடணும்." அரசாங்கம் சொன்னதைக் கேட்டே பழகிய சனம். வழக்கமாகக் கொடி நாளிலும் அடம்பிடித்து வீட்டிலேயே படுத்துக்கிடக்கும் ஒரு கிழவரைக்கூட அன்றைக்குச் சண்டை போட்டு எழுப்பிக் கூட்டிப்போயிருக்கிறார்கள். நாயைக்கூட விடவில்லை.

தளத்து ஆட்கள் கூட்டிவந்த ஜீப்பிலிருந்து என்னோடு இறங்கிய அதிகாரி தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தார். பூட்டு, பூட்டு, பூட்டு. ஒவ்வொரு பூட்டையும் போனில் போட்டோ எடுத்தார். அந்தப் போட்டோவில் இடம், தேதி, மணி எல்லாம் தானாகவே பதியும்.

"ஆளுங்க எங்கம்மா?"

"கொடி ஏத்துனா புளியந்தோப்புக்குப் போயிடுவாங்க சார். மலைக்கு அந்தாண்ட."

"ஓ, அவங்களுக்கு அங்க வேற எடம் இருக்கா?"

"எடம் இல்ல சார், மரத்தடி. சாயங்காலம் வந்துடுவாங்க. நீங்க இருந்து பாத்தீங்கன்னா..."

"சாயங்காலம் வரைக்கும் நானு இங்க என்னம்மா பண்றது? அரை மணி நேரத்துல சுட ஆரம்பிச்சிடுவாங்க." ஜீப்பின் முகப்பில் ஒரு படிவத்தை விரித்தார். "வந்து பாத்தோம்கறதுக்கு ஒரு கையெழுத்து போடுங்க."

படிவத்தில் கட்டங்கள் எல்லாம் காலியாக இருந்தன. போட்டேன். ஏன் போட்டாய் என்று கேட்பவர்கள் எங்கள் ஆபீஸ்களில் ஒரு நாள் வந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும். கையெழுத்து முதலில், எழுத்து பிறகு. இதுதான் எங்கள் வழக்கம். இதே மாதிரி காலிப் படிவத்தில் நானே எத்தனை பேரிடம் வாங்கியிருக்கிறேன்! நூறு நாள் வேலைக்கு வந்த பெண்கள் ஏன், எதற்கு என்று கேட்டால் "போடுக்கா, நான் எழுதிக்கறேன்" என்று அதட்டியிருக்கிறேன். அன்றைக்கு என் முறை.

பதில் வர வெகுநாள் ஆகவில்லை. இந்த விஷயத்தில் மட்டும் என்ன வேகம்! 'மேற்படி குடியிருப்பில் நிரந்தரமாக வசிப்போர் எவருமில்லை எனக் கள ஆய்வில் தெரியவந்துள்ளதால் கருத்துரு ஏற்கப்படவில்லை.' இணைப்பில் பூட்டுகளின் போட்டோ. கடைசிப் பக்கத்தில் என் கையெழுத்து, ஊராட்சி முத்திரையோடு.

ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல், கரண்ட் பில், எல்லாவற்றையும் கட்டித் தூக்கிக்கொண்டு மேலாபீசுக்குப் போனேன். சூப்பிரண்டு அன்றைக்குச் சிரிக்கவில்லை. "மேடம், ஆளு இல்லன்னு நீங்களே கையெழுத்து போட்டுட்டு, இப்ப நீங்களே இருக்குன்னா, நாங்க எந்த செயலர நம்பறது?" என்றார். காகிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் நின்று, பஸ் வருகிறவரை அழுதேன். எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று அழுதேன்.

திரும்பத் திரும்ப எழுதினேன். எழுத எழுத நான் கேட்டது சிறுத்துக்கொண்டே போனது. தார் ரோடு கேட்டவள் மண் ரோடு போதும் என்றேன். பிறகு பாதையில் இருக்கிற பாறைகளை மட்டுமாவது அகற்ற நிதி கொடுங்கள் என்றேன். கடைசியில், கொடி நாளிலும் ஒரே ஒரு நோயாளி வண்டியை விட ஒரு சீட்டு கொடுங்கள், அதற்கு நிதியே வேண்டாம் என்று எழுதினேன். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான். ஆளில்லாத ஊருக்கு எதற்கு?

அக்காவிடம் கையெழுத்து விஷயத்தைச் சொல்ல எனக்கு ஒரு மாதம் ஆனது. அடுப்படியில் உட்கார்ந்து கேட்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன். "நானுந்தாண்டி ஊரையே ஓட்டிக்கிட்டுப் போனேன்" என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால் தேவலை.

ஊர் காலியாக ஆரம்பித்தது. தையல்காரி குரும்பலூருக்குப் போனாள். கறவை மாட்டுக்காரர் மாட்டை விற்றுவிட்டு மகளோடு போய்விட்டார். அப்புறம் ஒவ்வொரு வீடாக. யாரும் யாரையும் விரட்டவில்லை. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பால் வண்டி என்று ஆளுக்கு ஒரு காரணம், எல்லாம் அந்த ஒரே கேட்டில் வந்து முட்டியது. கடைசியாக அக்கா வீடு மட்டும் மிஞ்சியது. மாமாவுக்கு நெஞ்சில் நீர் கோத்து, சாயங்காலம் கேட் திறக்கிறவரை காத்துக்கிடந்து, செத்துப் பிழைத்து வந்த பிறகு அவளும் முடிவெடுத்தாள். அரியலூரில் எங்கள் பழைய வீட்டுக்கே போவது. அங்கேயும் டயாலிசிஸ் உண்டு, ஆட்டோவில் பத்து நிமிஷம். லாரிப் புழுதியும் உண்டு.

சாமான் ஏற்றிய அன்றைக்குக் கொடி ஏறவில்லை. கேட் அகலத் திறந்திருந்தது. மாமா வேனில் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். அக்கா வாசலைக் கூட்டி, தண்ணீர் தெளித்து, கோலம் போட்டாள். போகிற வீட்டுக்கு எதற்கு என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. பிறகு கதவைச் சாத்திப் பூட்டினாள். இழுத்துப் பார்த்தாள்.

"போனு எடுடி. போட்டோ புடி."

"எதுக்குக்கா?"

"அன்னிக்கி அந்தாளு புடிச்சது பொய்யி. இது நெசம். உனக்கு உதவும், புடி."

நான் அசையவில்லை. அவளே என் கையிலிருந்து போனைப் பிடுங்கி, பூட்டைப் போட்டோ எடுத்து, என் கையில் திணித்துவிட்டு வேனில் ஏறிக்கொண்டாள்.

அடுத்த மாதம் தளத்தின் அடுத்த விரிவாக்கத்துக்காக ஒரு படிவம் வந்தது. குடியிருப்பின் தற்போதைய நிலையை ஊராட்சி செயலர் சான்றளிக்க வேண்டும். இந்தத் தடவை நான் அவசரப்படவில்லை. வீடுகளின் எண்ணிக்கை எழுதினேன். வசிப்போர் என்ற இடத்தில் 'எவருமில்லை' என்று எழுதினேன். அக்கா எடுத்த போட்டோவை இணைத்தேன். எல்லாக் கட்டத்தையும் நிரப்பி, இரண்டு தடவை படித்துப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். ஒரு வரிகூடப் பொய் இல்லை.