உப்புச் சுமந்தவரின் பெயர்

திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு லாட்ஜ். மேசைக்கு அந்தப் பக்கம் மேனேஜர், இந்தப் பக்கம் அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு இத்தாலியப் பெண்மணி. இரண்டு பேரும் இனிஷியலுக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். "இனிஷியல், இனிஷியல்" என்று மேனேஜர் குரலை உயர்த்திக்கொண்டே போக, அந்த அம்மா கைப்பையிலிருந்து பாஸ்போர்ட், விமான டிக்கெட், கடைசியில் ஒரு மருந்துச் சீட்டு வரை எடுத்து நீட்டிவிட்டார். நான் உள்ளே நுழைந்தது அப்போதுதான்.

நான் அங்கே போனதே வேண்டாவெறுப்பாகத்தான். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மே மாதம் அது. பாளையங்கோட்டையில் நான் ஆங்கிலம் நடத்திய பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை. ஊறுகாய்க்கு மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்தவளை எங்கள் தலைமையாசிரியை ஆள் அனுப்பிக் கூப்பிட்டு, தெரிந்தவர்கள் மூலமாக ஒரு வெள்ளைக்கார அம்மா வந்திருக்கிறார், கடற்கரைப் பக்கம் ஒரு ஊருக்குப் போகவேண்டுமாம், நீ துணைக்குப் போ என்றார். இங்கிலீஷ் தெரிந்ததற்குத் தண்டனை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது பள்ளிக்கூடம் முழுக்கத் தெரியும். தலைமையாசிரியைக்கு மட்டும் அது உறைக்கவே உறைக்காது.

பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்தேன். இரண்டு சொல் இருந்தது. முதல் சொல் சாதாரணமான ஒரு கிறிஸ்தவப் பெயர். இரண்டாவது போர்தசாலே. நான் யோசிக்கவே இல்லை. முதல் சொல்லின் முதல் எழுத்தை இனிஷியலாகவும், போர்தசாலேயைப் பெயராகவும் எழுதிக்கொள்ளச் சொன்னேன். முன்னால் வருவது அப்பா பெயர், பின்னால் வருவது நம் பெயர். ஒன்றாம் வகுப்பிலிருந்து அப்படித்தானே நோட்டு அட்டையில் எழுதுகிறோம்? மேனேஜருக்கு உயிர் வந்தது. அன்றைக்குப் பூராவும் நாங்கள் அவரை "போர்தசாலே மேடம்" என்றே கூப்பிட்டோம். கூப்பிடும்போதெல்லாம் அந்த அம்மா லேசாகத் தூக்கிவாரிப்போட்டதுபோல் நிமிர்ந்து பார்ப்பார். வெயில் படுத்துகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் அம்பாசடர் காரில் கிளம்பினோம். மூலைக்கரைப்பட்டி, இட்டமொழி வழியாகத் திசையன்விளை, அங்கிருந்து கடற்கரை. அவருடைய இங்கிலீஷும் என்னுடைய இங்கிலீஷும் இரவல் வாங்கியவைதான், ஆனாலும் இரண்டும் ஒன்றையொன்று புரிந்துகொண்டன. போகிற வழியில்தான் விஷயம் வெளியே வந்தது. போர்தசாலே அவர் பெயரே இல்லையாம். அது குடும்பத்தின் பெயராம். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் திட்டும்போதும், போலீஸ்காரர் விசாரிக்கும்போதும்தான் அவர்கள் ஊரில் குடும்பப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்களாம். நாங்கள் முந்தின நாள் முழுக்க அந்த அம்மாவை மரியாதையாகத் திட்டியிருக்கிறோம்.

அந்தப் பெயருக்கு உப்பைச் சுமப்பவர் என்று அர்த்தம். கடலோரத்திலிருந்து கோவேறு கழுதை மேல் உப்பு ஏற்றிக்கொண்டு மலைக்கிராமங்களுக்குப் போய் விற்ற கூட்டம் ஒன்று இருந்திருக்கிறது. அதில் ஒருவர் ஏறின மலையிலேயே தங்கிக் கல்யாணம் செய்துகொண்டார். ஊர்க்காரர்கள் அவரை உப்புச் சுமக்கிறவர் என்றார்கள், அதுவே பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொண்டது. அந்த ஒரு மலையைத் தவிர வேறெங்கும் அந்தப் பெயர் கிடையாது. அவருடைய அப்பா எந்தப் பட்டணத்துக்குப் போனாலும் முதல் வேலையாக அந்த ஊர் டெலிபோன் டைரக்டரியைத் தேடிப் புரட்டிப் பார்ப்பாராம். ஒரு தடவைகூட இன்னொரு போர்தசாலே அகப்படவில்லை. அப்பாவின் அண்ணன்மார் யுத்தத்தில் போனார்கள், சித்தப்பா வழியில் வாரிசு இல்லை, இந்த அம்மா ஒற்றைப் பிள்ளை. இத்தாலியில் பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகும் சொந்தக் குடும்பப் பெயரையே வைத்துக்கொள்ளலாம், ஆனால் பிள்ளைகளுக்குப் போவது அவர்கள் அப்பாவின் பெயர்தான். அவருக்கு இரண்டு மகன்கள். இரண்டு பேருமே போர்தசாலே இல்லை. "என்னோடு முடிந்தது" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

டிரைவர் அண்ணாச்சிக்கு எல்லாவற்றையும் தமிழில் சொல்லியாகவேண்டும், இல்லாவிட்டால் வண்டி ஓடாது. சொன்னேன். "பொம்பளப் பிள்ளையோட பேரு நின்னு போயிருமா? என்ன ஊரு டீச்சர் அது" என்று அவர் சலித்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. கல்யாணமான மறுமாதமே என் அப்பாவின் எழுத்தை எடுத்துவிட்டுக் கணவர் எழுத்தைப் போட்டு, அதற்காக ஒரு வருஷம் ஆபீஸ் ஆபீஸாக அலைந்தவள் நான். இந்த அண்ணாச்சி வீட்டிலும் அதே கதைதான் நடந்திருக்கும். ஆனால் அதை அவரிடம் சொல்லவில்லை, வண்டி ஓடவேண்டுமே.

அந்த அம்மா தேடி வந்தது ஒரு கல்லறையை. அவருடைய தாத்தாவின் அண்ணன் கத்தோலிக்கக் குருவானவராகி, இந்தக் கடற்கரைக்கு வந்து, ஊர் திரும்பாமல் இங்கேயே இறந்துபோனவர். கோயிலுக்குள்ளேயே அடக்கம் செய்து, மேலே பெயர் வெட்டின கல் பதித்திருக்கிறார்கள் என்று குடும்பத்தில் ஒரு பேச்சு உண்டாம். அந்தக் கல்லில் கையை வைத்துப் பார்க்கவேண்டும், வேறெதுவும் வேண்டாம் என்றார். அவர்கள் ஊர் மலைமேல் இருக்கும் கல்லறைகளை விட்டால் அந்தப் பெயர் இருக்கும் ஒரே இடம் அதுதான்.

இட்டமொழி தாண்டியதும் மண் சிவந்துவிட்டது. இரண்டு பக்கமும் பனை. ஒரு இடத்தில் இறங்கிப் பனையோலைப் பட்டையில் பதனி வாங்கிக் கொடுத்தேன். முதல் வாய்க்கு முகத்தைச் சுளித்தவர், பிறகு அண்ணாச்சியின் பட்டையையும் எட்டிப் பார்த்தார். மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஊருக்குள் நுழைந்தோம்.

கோயில் பளபளவென்று இருந்தது. அதுதான் வினை. நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே தரை மின்னுவதைப் பார்த்துவிட்டேன். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை புது மொசைக். அந்த அம்மா பீடத்துக்கு முன்னால் இடது பக்கம், வலது பக்கம், நடு என்று குனிந்து குனிந்து தேடினார். பிறகு குத்தவைத்து உட்கார்ந்து மொசைக்கைக் கையால் தடவிப் பார்த்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். தோள் குலுங்கியது. அழுகையைப் பார்த்தால் எனக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. தரைக்கு மொசைக் போடத் தீர்மானித்த புண்ணியவான் யாரென்று கண்டுபிடித்து நாலு வார்த்தை கேட்கவேண்டும் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நாலு வார்த்தை கேட்க ஆளும் வந்தார். ஊர் உபதேசியார். குருவானவர் வராத நாட்களில் ஜெபம் நடத்துபவர், கோயில் சாவியும் அவரிடம்தான். எழுபது வயதிருக்கும். கார் சத்தம் கேட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டே ஓடி வந்திருந்தார். நான் எடுத்த எடுப்பிலேயே பிடித்துக்கொண்டேன். பழைய கல்லை என்ன செய்தீர்கள், பெயர் வெட்டியிருந்த கல்லைப் போய் யாராவது மூடுவார்களா என்றேன். எழுத்துத் தேய்ந்து, ஆட்கள் நடந்து நடந்து குழியாகிவிட்டது, கல் அப்படியே அடியில்தான் இருக்கிறது, சாமியாரை யாரும் அசைக்கவில்லை என்று அவர் பொறுமையாகச் சொன்னார். அப்புறம் குரலைத் தணித்து, "அவிய எதுக்கு அழுவுதாவ?" என்று கேட்டார்.

"அந்தக் கல்லுல இருந்தது அவங்க குடும்பப் பேரு. அந்தப் பேருல இனி யாருமே இல்லையாம்."

"என்ன பேரு?"

"போர்தசாலே."

உபதேசியார் வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். "போர்த்தசாலியா?" என்றார். "எம் பேருல்லா அது."

எனக்குச் சரியாகக் காதில் விழவில்லையோ என்று மறுபடி கேட்டேன். அவர் பொறுமையிழந்துவிட்டார். அவர் பெயர் அதுதான், ஞானஸ்நானத்தில் வைத்த பெயர். அவர் மட்டுமில்லை. நெட்டச் சாலி, கறுத்த சாலி, டெய்லர் சாலி, பட்டாளத்துச் சாலி, வடக்குத் தெருவில் சாலியம்மாள் என்று ஒரு கிழவி, அவள் மச்சினன் ஒரு சாலி. சும்மா சாலி என்றால் யாரைச் சொல்கிறோம் என்றே தெரியாதாம். தபால்காரர் இந்த ஊருக்கு வந்தால் அழாத குறையாம்.

அந்த அம்மா எழுந்து நின்றுவிட்டார். என் முகத்தில் தெரிந்தது அவரை எழுப்பியிருக்கவேண்டும். நான் மொழிபெயர்க்க ஆரம்பித்தேன், பாதியில் எனக்கே இங்கிலீஷ் மறந்துபோனது. கடைசியில் உபதேசியாரைக் கையால் காட்டி, "போர்தசாலே" என்றேன். அவர் கும்பிட்டார்.

எப்படி வந்தது இந்தப் பெயர் என்பது விளங்க அதிக நேரம் ஆகவில்லை. ஊர்க் கிணறெல்லாம் உப்பாகக் கிடந்தபோது, தேரி மணல்மேட்டோரமாக நல்ல தண்ணீர்க் கிணறு வெட்டவைத்தவர் அந்தச் சாமியார். அவர் போனபிறகு பிறந்த பிள்ளைகளுக்கெல்லாம் அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். ஆனால் எந்தப் பெயரை? நான் அந்தச் சாமியாரின் முழுப்பெயரைச் சொன்னதும் உபதேசியார் திருத்தினார். "முன்னால வாரது அவிய அப்பா பேரு. போர்த்தசாலிங்கதுதான் சாமி பேரு." லாட்ஜில் நான் எழுதச் சொன்ன அதே கணக்கு. இரண்டு தலைமுறைக்கு முன்னால் ஒரு ஊரே அந்தக் கணக்கைப் போட்டிருக்கிறது. இதை அந்த அம்மாவுக்கு விளக்கினபோது அவர் சிரித்த சிரிப்பில் மாடத்துப் புறாக்கள் எழும்பிப் பறந்தன. எனக்கும் அடக்க முடியவில்லை. உபதேசியார் மட்டும், கோயிலுக்குள் இப்படிச் சிரிக்கலாமா என்பதுபோல் பீடத்தைப் பார்த்துக்கொண்டார்.

சிரித்து முடித்ததும் அந்த அம்மாவுக்கு ஒரு சந்தேகம். உங்கள் அப்பாவும் போர்தசாலேயா என்று உபதேசியாரைக் கேட்டார். இல்லை, அப்பா பெயர் வேறு. மகன்? அவன் பெயரும் வேறு, மகனுடைய மகன்தான் சாலி. ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை. தாத்தா பெயரை எடுக்கிறவன் என்பதால்தான் அவனைப் பேரன் என்கிறோம் என்று நான் அந்த அம்மாவுக்குச் சொன்னேன். தினம் வாயில் புழங்குகிற சொல்தான், அன்றைக்கு அதைச் சொல்லும்போது எனக்கு ஏனோ பெருமையாக இருந்தது.

சாப்பிடாமல் போகக்கூடாது என்று உபதேசியார் வீட்டுக்குக் கூட்டிப்போனார். சாளை மீன் குழம்பு. அந்த அம்மா முள்ளெடுக்கிற அழகைப் பார்க்கத் தெருவே வாசலில் கூடிவிட்டது. பக்கத்து வீட்டிலிருந்து உபதேசியாரின் சித்தப்பா மகனுடைய மகள் கைப்பிள்ளையோடு வந்தாள். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும், வாய் ஓயாத பெண். வந்தவர் மடியில் கேட்காமலே பிள்ளையைப் போட்டுவிட்டு, "இவனுக்கும் அந்தப் பேருதான். மூணாவது மாசம் நடக்கு" என்றாள்.

தாத்தா பெயரா என்று அந்த அம்மா என் மூலமாகக் கேட்டார்.

"ஆமா. எங்க அப்பா பேரு."

நான் மொழிபெயர்த்தேன். அந்த அம்மாவின் கை பிள்ளையின் தலைமேல் அப்படியே நின்றது. யாருடைய அப்பா என்று திரும்பக் கேட்டார். நான் பெண்ணைக் கேட்டேன். அவளுடைய அப்பாதான், கணவனுடைய அப்பா இல்லை. அவள் ஒற்றைப் பிள்ளை, அப்பா போன வருஷம் தவறிவிட்டார். அவர் பெயரைத் தன் மகனுக்கு வைத்துவிட்டாள், அவ்வளவுதான். இதில் கேட்க என்ன இருக்கிறது என்பதுபோல் அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அந்த அம்மா பிள்ளையை மடியில் இன்னும் கொஞ்சம் ஏற்றி வைத்துக்கொண்டார். பிறகு எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். அவர்கள் நாட்டில் குடும்பப் பெயரைப் பிள்ளைக்குப் பெயராக வைக்கச் சட்டம் விடாது. இருந்தும், மகள் தன் அப்பாவின் பெயரைப் பிள்ளைக்குக் கொடுக்கலாம் என்று அறுபது வருஷத்தில் ஒரு தடவைகூட அவருக்குத் தோன்றியதில்லையாம். அதைச் சொல்லும்போது அவர் அழவில்லை. எனக்குத்தான் கண் கலங்கியது.

அந்தப் பெண்ணுக்கு ஒரு குறை இருந்தது. அதை என்னிடம் சொன்னாள். "பேரு விட்டாச்சு டீச்சர், ஆனா கூப்பிட முடியல்ல. அப்பா பேரை நான் எப்படி வாயால சொல்லுவேன்? ராசா, மக்கான்னுதான் கூப்பிடுதேன். இவிய ஊர்ல சொல்லலாம்லா? இவியள ஒரு தடவ நல்லாக் கூப்பிடச் சொல்லுங்க. பிள்ளைக்கு அவன் பேரு தெரியட்டும்."

இதை நான் இங்கிலீஷில் சொன்னதும் அந்த அம்மா தடுமாறிப்போனார். வாழ்நாள் முழுக்க அந்தப் பெயரை எழுதியிருக்கிறார், கையெழுத்துப் போட்டிருக்கிறார், யாரோ கேட்டால் எழுத்துக்கூட்டிச் சொல்லியிருக்கிறார். அதைச் சொல்லி ஒருவரைக் கூப்பிட்டதில்லை. பிள்ளையைத் தூக்கி முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டார். முதல் தடவை காற்றுதான் வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, 'சா'வை நீட்டி, அவர்கள் மலையில் எப்படிச் சொல்வார்களோ அப்படி, "போர்தசாலே!" என்றார்.

பிள்ளை விரலைச் சப்புவதை நிறுத்திவிட்டுப் பார்த்தது. வெளியே வலைக்கு ஓட்டை அடைத்துக்கொண்டிருந்த ஒருவர், "யாரு கூப்பிட்டா?" என்று எட்டிப் பார்த்தார். எதிர்வீட்டுக்குள்ளிருந்து இன்னொரு குரல், "என்னவே?" என்றது.

அந்த அம்மா பிள்ளையை மார்போடு சேர்த்துக்கொண்டு வாசலுக்கு வந்து, இன்னும் சத்தமாக இன்னொரு தடவை கூப்பிட்டார்.