‘ரிலீவ்’ என்றால் என்ன அர்த்தம்?

இன்று மதியம் ஷிப்ட் முடிந்ததும் என் அறைத்தோழி முத்துச்செல்வியை எச்.ஆர். அதிகாரி கூப்பிட்டார். எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. மூன்று வருடமாக ஒரகடம் ஃபேக்டரியில் அசெம்பிளி லைனில் நிற்கிறாள். ஆர்டர் இல்லையாம், ஆளைக் குறைக்கிறார்களாம். ஆனால் நீட்டிய தாளிலோ, தன்னை ரிலீவ் பண்ணும்படி அவளே கெஞ்சுவதாக டைப் அடித்திருந்தது.

“ரிலீவ்னா என்ன சார்?” என்று கேட்டாள்.

அந்த மேதை நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “நல்ல வார்த்தைம்மா அது. லத்தீன்லேர்ந்து வந்தது. பாரத்தைத் தூக்கி லேசாக்குறதுன்னு அர்த்தம். தலைவலி மருந்து விளம்பரத்துல கூட வருமே!”

வேலையைப் பிடுங்குவதற்கு லத்தீன் படித்துவிட்டு வந்திருக்கிறார்.

“எனக்கு ஒரு வலியும் இல்லியே சார். வேலதான இருக்கு. இதுல யாருக்கு லேசாவுது?”

“இன்னாம்மா நீ, சைன் பண்ணு. டைம் ஆவுது.”

பேனாவை வாங்கினாள். ‘நான் கேட்கவில்லை. கம்பெனிதான் போகச் சொல்கிறது’ என்று தமிழில் எழுதி, அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டாள்.

மனிதருக்கு முகம் வெளிறிவிட்டது. “அய்யய்யோ, இன்னாம்மா எழுதி வச்சிக்கீற? இரு, வேற தாள் தர்றேன்!”

அவள் அதைத் தொடவே இல்லை. “நாளைக்கு ஷிப்டுக்கு வாரேன் சார்” என்று எழுந்துவிட்டாள்.

இப்போது சுங்குவார்சத்திரத்தில் டீ குடிக்கிறோம். நாளை கேட்டில் விடுவார்களா, தெரியாது.

உங்கள் கம்பெனியில் துரத்துவதற்கு எந்த வார்த்தை வைத்திருக்கிறார்கள்? லத்தீனில் இருந்தாலும் பரவாயில்லை, எழுதுங்கள்.