கணக்கில் வராத இரண்டு நாட்கள்

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அப்படித்தான் வரும்.

1. சென்ற ஆண்டு, சம்பா நடவு நடந்துகொண்டிருந்த சமயம். இடம், தஞ்சாவூரில் நான் சிகிச்சைக்குப் போகும் குழந்தையின்மை மருத்துவமனை. எங்களுக்குத் திருமணமாகி நான்காவது ஆண்டு.

2. முதலில் இருவருக்கும் பரிசோதனை நடந்தது. கணவரின் விந்துப் பரிசோதனையில் குறை எதுவும் இல்லை. எனக்குத் தைராய்டு குறைவாகச் சுரந்தது. மாத்திரையில் சரியானது.

3. சாயம் செலுத்தி எடுத்த எக்ஸ்ரேயில் கருக்குழாய் இரண்டிலும் அடைப்பு இல்லை. அந்த வலியைப் பற்றித் தனியாக எழுதலாம், இங்கே வேண்டாம்.

4. அடுத்தது, முட்டை வளர மாத்திரை. மாதவிலக்கின் இரண்டாம் நாள் தொடங்கி ஐந்து நாள். பதினொன்றாம் நாள் ஸ்கேன்.

5. மூன்று மாதம் அப்படியே செய்தேன். மூன்று மாதமும் திரையில் வளர்ந்த முட்டை எதுவும் தெரியவில்லை. மருந்தின் அளவை இரண்டு முறை கூட்டினார் டாக்டர்.

6. நான்காவது மாதமும் இப்படியே என்றால் மாத்திரையை நிறுத்திவிட்டு ஊசி, அதிலும் பலன் இல்லை என்றால் டெஸ்ட் டியூப் முறை என்று சொல்லியிருந்தார்.

அந்த நான்காவது மாத ஸ்கேனுக்காகத்தான் அன்று காலை வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கையில் என் ஃபைல். அதில் ஒவ்வொரு மாதத்துக்கும் நானே எக்செல்லில் போட்டு அச்செடுத்த அட்டவணை. நாள், மாத்திரை, உடல் வெப்பம் எல்லாம் தனித்தனிக் கட்டத்தில். நான் சிவில் இன்ஜினியர். வாய்க்கால் தூர்வாரும் வேலைகளுக்குத் தரையின் ஏற்ற இறக்கத்தை அளந்து மட்டம் எடுப்பது என் பணி. எண்களோடு இருந்தால்தான் எனக்குப் பதற்றம் குறையும். ஆனாலும் என் உடம்பில் முட்டை வளராது என்ற முடிவுக்கு நான் ஏறக்குறைய வந்திருந்தேன். "எங்கிட்ட முட்டையே இல்ல போல" என்று கணவரிடம் சாதாரணமாகச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தேன்.

எனக்கு முன்னால் இருந்தது நன்னிலம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண். என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருக்கலாம். நடவு வேலையை விட்டுவிட்டு, விடிந்ததும் பஸ் ஏறி வந்ததாகச் சொன்னார். கையில் ஒரு துணிப்பை, அதற்குள் சுருட்டி வைத்த சீட்டுகள். நர்ஸ் வந்து அவரிடம் கேட்டார்.

"இன்னைக்கு எத்தனாவது நாள்க்கா?"

"தலைக்கு ஊத்தி இன்னையோட ஒம்பது நாளு சிஸ்டர்."

"தலைக்கு ஊத்துன நாளு வேணாம்க்கா. மொத மொத பட்டது என்னைக்கு?"

"அது அதுக்கு முன்னாடி, ஞாயித்துக்கெழமைல்ல. செவ்வாக்கெழம ஊத்திக்கிட்டேன்."

"அப்ப இன்னைக்குப் பதினொண்ணு. ஒம்பது இல்ல. அந்த ரெண்டு நாள எங்க விட்டீங்க?"

அந்தப் பெண் சிரித்தார். "அந்த ரெண்டு நாளும் எங்க வூட்டுல என்னையவே கணக்குல சேக்க மாட்டாங்க. நாளையா சேக்கப் போறாங்க?"

வரிசையில் இருந்த எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். பாவம், இதுகூடத் தெரியவில்லையே என்று மனதுக்குள் ஓர் எண்ணமும் ஓடியது. அதை மறைக்க விரும்பவில்லை. ஏனென்றால் அடுத்த நிமிடமே என் சிரிப்பு நின்றுவிட்டது.

என் அட்டவணையின் முதல் கட்டத்தைப் பார்த்தேன். 'நாள் 1' என்று இருந்தது. அது நான் தலைக்குக் குளித்த நாள்.

எங்கள் வீட்டில் அப்படித்தான். வயதுக்கு வந்ததிலிருந்து அம்மா நாட்காட்டியில் வட்டம் போடுவது மூன்றாம் நாள், தலைக்குக் குளித்த பிறகுதான். அதற்கு முந்தைய இரண்டு நாட்களுக்கு எங்கும் குறிப்பு கிடையாது. நான் காகிதத்திலிருந்து கணினிக்கு மாறினேன். உடல் வெப்பத்தைத் தசமப் புள்ளி வரை எழுதினேன். தொடக்கத்தை மட்டும் அம்மாவின் நாட்காட்டியிலிருந்து அப்படியே எடுத்துக்கொண்டேன்.

என் வேலையில் தொடக்க மட்டம் தப்பினால், அதற்குப் பின் எடுத்த அளவுகள் எல்லாமே தப்பு. அப்படித் தப்பாகத் தொடங்கிய ஒருவரை அரை நாள் வேலையைத் திரும்பச் செய்யவைத்தவள் நான்.

சொல்வதா வேண்டாமா என்று யோசித்தேன். அடுத்த மாதத்திலிருந்து சத்தமில்லாமல் திருத்திக்கொள்ளலாம், யாருக்கும் தெரியாது. ஆனால் கூட்டிய மருந்தும் சொல்லப்பட்ட ஊசியும் தப்பான கணக்கின் மேல் நிற்கின்றன. எழுந்து போய் நர்ஸிடம் மெதுவாகச் சொன்னேன். அவர் ஃபைலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மேடம், வர்றவங்க எல்லார்ட்டயும் இதக் கேட்டுடுவேன். நீங்க பிரிண்ட் எடுத்துல்ல கொண்டாந்தீங்க. உங்களக் கேக்கத் தோணவே இல்ல."

டாக்டரிடம் போனபோது அவர் அட்டவணையைத் திரும்ப எண்ணினார். இரண்டாம் நாள் எடுக்க வேண்டிய ஹார்மோன் ரத்தப் பரிசோதனையை நான் நான்காம் நாள் கொடுத்திருக்கிறேன். பதினொன்றாம் நாள் ஸ்கேனுக்குப் பதின்மூன்றாம் நாள் வந்திருக்கிறேன். எனக்கு மாதவிலக்கு இருபத்தாறு நாளுக்கு ஒருமுறை வரும். அப்படி இருப்பவர்களுக்கு முட்டை பன்னிரண்டாம் நாளையொட்டியே வெளியேறிவிடலாம் என்றார். "வளரலன்னு சொல்ல முடியாதும்மா. வளந்து போனதுக்கப்புறம் நாம பாத்திருக்கலாம்" என்றார். அன்றைய ஸ்கேனிலும் எதுவும் தெரியவில்லை. மருந்தின் அளவைப் பழையபடி குறைத்து, ரத்தப் பரிசோதனையைச் சரியான நாளில் மறுபடி எடுக்கச் சொன்னார். ஊசிப் பேச்சு நின்றது.

வெளியே வந்தபோது நன்னிலத்துப் பெண் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "என்னா சொன்னாங்க?" என்று கேட்டார்.

"எனக்கும் உங்க கணக்குதான்க்கா" என்றேன்.

"படிச்சவங்களுக்குமா?" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, ரெண்டு நாளு கெடச்சிச்சுல்ல, விடுங்க" என்றார்.

அடுத்த மாதம் ஒன்பதாம் நாளும் பதினொன்றாம் நாளும் ஸ்கேன். இரண்டாவது தடவை திரையில் ஒரு கறுப்பு வட்டம் தெரிந்தது, முட்டை வளரும் பை. பதினெட்டு மில்லிமீட்டர். டாக்டர் அளவைச் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார். நான் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இல்லை என்று நான் ஒப்புக்கொண்டிருந்த ஒன்று அது.

அதற்குப் பிறகு நான்கு மாதங்கள் ஆகின்றன. ஒவ்வொரு மாதமும் முட்டை வளர்கிறது. கரு இன்னும் தங்கவில்லை. இன்னும் இரண்டு மாதம் பார்த்துவிட்டு, விந்தணுவைக் கருப்பையில் செலுத்தும் சிகிச்சைக்குப் போவதாக முடிவு. இப்போது வரிசையில் என் பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும், படித்தவரா படிக்காதவரா என்று பார்க்காமல், முதல் நாள் எது என்று கேட்டுவிடுகிறேன். இன்று எனக்கு எட்டாம் நாள், நாளை காலை ஸ்கேன்.