என் ஓரகத்தி மாட்டிய செம்புச் சுருள்கள்

எங்கள் சமையலறைக் கதவு நிலையில், என் தோள் உயரத்தில், கொசுவத்தி போலத் தட்டையாகச் சுற்றிய ஒரு செம்புச் சுருள் இருக்கிறது. விரல் அதைத் தொட்டதும் வாசல்படி வந்துவிட்டது என்று காலைத் தூக்கி வைப்பேன். பார்க்கிறவர்களுக்கு அது வெறும் அலங்காரம். அப்படித் தெரியும்படி அதைச் செய்தவள் என் ஓரகத்தி, என் கணவரின் தம்பி மனைவி.

காஞ்சிபுரத்தில் இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில்தான் இருந்தோம். கல்யாண ரவிக்கைகளுக்கு நான், துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி ஊசியால் பூப்போடும் ஆரி வேலை செய்துகொண்டிருந்தேன். கொழுந்தனார், எரிந்துபோன மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியால் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். அவரோடு சேர்ந்து அவளும் காயில் சுற்றுவாள். மிஞ்சும் தடித்த கம்பியை அவள் எறிந்ததில்லை. வளைத்து வளைத்துத் துளசி மாடத்துக்கு ஒன்று, ஜன்னலுக்கு ஒன்று என்று ஏதாவது செய்து மாட்டுவாள். நாங்கள் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆரிச் சட்டத்தின் ஓரங்கள் என் பார்வையிலிருந்து மறையத் தொடங்கியபோது, கண்ணாடி மாற்றினால் சரியாகிவிடும் என்றுதான் நினைத்தேன். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு கெட்டுவிட்டது, போன பார்வை திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கடைசியில் வெளிச்சமும் இருட்டும் மட்டும் மிஞ்சின. மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. அவள் கண்களையும் சோதித்து, நன்றாக இருக்கின்றன என்றார்கள். ஆனாலும் அம்மாவுக்கு வந்தது பெண்ணுக்கும் வரும் என்று பேச ஊரில் ஆளுக்கா பஞ்சம்? பயத்தில், அறையை விட்டு வெளியே வருவதையே நிறுத்திக்கொண்டேன்.

ஒரு மத்தியானம் ஓரகத்தி வந்து என்னை எழுப்பி, ஒவ்வொரு வாசலாகக் கூட்டிப்போய் என் விரல்களை எடுத்து வைத்தாள். படி இருக்கும் இடமெல்லாம் தட்டைச் சுருள். குளியலறைக்கு இரட்டைச் சுருள். தோட்டத்தில், கிணற்றுப் பக்கம் திரும்பும் இடத்தில், மல்லிப் பந்தல் காலில் சங்கு போல நீண்ட ஒன்று. அதன் நுனியில் சின்ன மணி. ஒரு முனைகூட விரலைக் குத்தவில்லை. எல்லாவற்றையும் அரத்தால் ராவி மழுக்கியிருந்தாள்.

“இனிமே நீ பாட்டுக்கு நட அக்கா,” என்றாள். “கேக்கறவங்க கிட்ட அழகுக்கு மாட்டிக்கினு இருக்கேன்னு நான் சொல்லிக்கறேன்.”

அப்படியே சொன்னாள். தெருப் பெண்கள் தங்களுக்கும் கேட்டபோது சிரித்துக்கொண்டே செய்து கொடுத்தாள். என் கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வெளியே போகவில்லை.

திருப்புட்குழியிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். ஒரு கையில் பூத்தட்டோடு நானே கூடத்துக்கு நடந்து வந்து உட்கார்ந்தேன். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு நிலையில் இருந்த சுருள் பிடித்துப்போய், எதற்காக இதை மாட்டியிருக்கிறீர்கள் என்று கேட்டார். ஓரகத்தி வழக்கமான பதிலைத் தொடங்கினாள், குரல் தடுமாறியது. எனக்காக எத்தனை பேரிடம் அதைச் சொல்லியிருப்பாள்! என் மகள் வாழப்போகும் வீட்டாரிடமும் அவளை அதையே சொல்லவைக்க எனக்கு மனம் வரவில்லை.

“எனக்குக் கண்ணு தெரியாதுங்க,” என்றேன். “நான் தடுமாறாம நடக்கணும்னு இவ செஞ்சி வச்சது.”

டாக்டர் சொன்னதையும் மகளைச் சோதித்ததையும் மறைக்காமல் சொன்னேன். பிறகு யாரோ எழுந்திருக்கும் வளையல் சத்தம். மெட்டி தரையில் தட்டும் ஓசை வாசலுக்கு வாசல் நின்று நின்று போயிற்று. தோட்டத்தில் மணி ஒலித்தது. திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவர் மாப்பிள்ளையின் அம்மாதான்.

“எங்க வூட்டுல படி ஜாஸ்திமா,” என்றார். “நீங்க வந்து போவணும் இல்ல? எங்கெங்க மாட்டணும்னு இவங்கள வந்து பாக்கச் சொல்லுங்க.”

என் தோளில் இருந்த ஓரகத்தியின் கை இறுகியது. அடுத்த வாரமே கம்பியும் குறடுமாகத் திருப்புட்குழிக்குப் பஸ் ஏறிவிட்டாள். கல்யாணத் தேதிகூட அப்போது குறித்திருக்கவில்லை.

இன்று மகள் வீட்டுக்குப் போனால், யாரையும் கூப்பிடாமல் கொல்லை வரைக்கும் போய்வருகிறேன். ஓரகத்தி கூட வந்திருந்தால் மட்டும், வேண்டுமென்றே அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பேன்.