கொளஞ்சியப்பரிடம் என் உயிருக்காகக் கட்டிய பிராது

என் உடம்பில் தோல் கழன்று வந்தபோது, “பாவம் உரியுது” என்றார் என் மாமியார். அன்றும் அதை நான் ஏற்கவில்லை. இன்றும் ஏற்கவில்லை.

என் பெயர் செல்வி. விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் பொம்மைகளுக்கு வர்ணம் தீட்டுகிறேன். தொண்ணூறுகளின் கடைசியில் என் கணவர் எய்ட்ஸ் நோயில் இறந்தார். அவரிடமிருந்து எனக்கும் தொற்றியிருந்தது. மகள் அப்போது சின்னக் குழந்தை. சென்னை டாக்டர் ஒருவர் புதிதாக வந்த மாத்திரைகளை எழுதிக் கொடுத்தார். பிழைத்துக்கொள்வேன் என்று நம்பித்தான் விழுங்கினேன்.

இரண்டு வாரம் தாண்டியதும் காய்ச்சல் வந்தது. கண் எரிந்தது. உதடு வெந்து புண்ணானது. மார்பில் சிவப்புத் திட்டுகள் கொப்புளித்தன. புடவையை எடுத்தால் தோலும் கூடவே வந்தது. பக்கத்து கிளினிக்கில் அம்மை என்றார்கள். மாத்திரையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நானும் விடாமல் சாப்பிட்டேன்.

“நோவு முத்திப்போச்சு. இனிமே எங்கயும் தூக்கிக்கினு அலைய வேணாம். வூட்டுலயே கெடக்கட்டும்” என்றார் மாமியார்.

கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து வந்திருந்த என் அக்கா கஸ்தூரி அழுதாள். “மணவாளநல்லூரு போயி கொளஞ்சியப்பருகிட்ட பிராது கட்டிட்டு வரேன்டி. என்னான்னு எழுதச் சொல்லட்டும்?”

குறையைக் காகிதத்தில் எழுதி அந்த முருகன் சன்னதியில் கட்டினால் அவரே விசாரித்துத் தீர்ப்பார் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. வாயைத் திறந்தாலே ரத்தம் கசிந்தது. ஆனாலும் சொன்னேன்.

“நல்ல சாவு குடுன்னு எழுதாத. நான் என்னா தப்பு பண்ணேன்னு கேளு. எம் பொண்ண வளக்கணும், எனக்கு உசுரு வேணும்னு எழுது. கெஞ்சாத.”

அக்காவுக்கு எழுதத் தெரியாது. கோயிலில் பக்கத்தில் நின்ற ஒரு பெண்ணை எழுதித் தரச் சொன்னாள். கண், வாய், தோல் என்று இவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு வந்தவர் சட்டென்று நிறுத்திவிட்டாராம். அவர் பாண்டிச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரியின் தோல் வார்டில் நர்ஸ்.

“புதுசா ஏதாச்சும் மாத்திரை சாப்பிடுறாங்களா?”

“ஆமாங்க, சென்னையில குடுத்தாங்க.”

“அடுத்த வேளை குடுக்காதீங்க. அந்த மாத்திரையையும் எடுத்துக்கிட்டு இன்னிக்கே அவங்கள பாண்டிக்குக் கூட்டியாங்க.”

அக்கா பிராதைக் கட்டிவிட்டு ஓடி வந்தாள். மாமியார் மறித்தார். “வழியிலயே போயிடுவா.”

நான் எழுந்து உட்கார்ந்தேன். “போனா போறேன். வழிய வுடுங்க.”

வேனில் வாழை இலை பரப்பி என்னைப் படுக்க வைத்துக் கொண்டுபோனார்கள்.

பாண்டி டாக்டர் மாத்திரைகளைப் பார்த்து ஒன்றைத் தனியே எடுத்தார். அதன் பெயர் நெவிரபின். “உங்க நோய் முத்தலம்மா. இந்த மாத்திரை உங்களுக்கு ஒத்துக்கல. அபூர்வமா சிலருக்கு இப்படி ஆகும். இன்னும் சாப்பிட்டிருந்தா உயிருக்கே ஆபத்து.”

தீக்காயம் பட்டவளைப் போல என்னைப் பார்த்துக்கொண்டார்கள். மெல்லப் புதுத்தோல் வந்தது. கண்ணும் தப்பியது. அந்த மாத்திரைக்குப் பதிலாக வேறு மருந்து தந்தார்கள். அதைத் தவறாமல் சாப்பிடுகிறேன்.

தற்செயல் என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். அத்தனை பேர் நின்ற கோயிலில் என் அக்கா ஏன் அந்த நர்ஸிடம் போய்க் கேட்டாள்? எனக்குப் பதில் தெரியும்.

வேலைக்குத் திரும்பிய அன்று, “மொகமெல்லாம் திட்டா இருக்குது, மத்தவங்க பயப்படுவாங்க” என்றார் சூப்பர்வைசர். “பயப்படுறவங்கள எங்கிட்ட அனுப்புங்க சார், நான் பேசிக்கிறேன்” என்று சொல்லிவிட்டு என் இடத்தில் போய் உட்கார்ந்தேன்.

நோய் என்னை விட்டுப் போகவில்லை. போய்விட்டது என்று சாமி பெயரால் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் என் மகளுக்குத் தினமும் நான்தான் தலை பின்னி விடுகிறேன். குறை தீர்ந்தால் கட்டிய பிராதை வாபஸ் வாங்குவது வழக்கம்; அதற்கு அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். அன்று மட்டும்தான் சன்னதியில் அழுதேன்.

என்னைப் போலக் கிடப்பவர்கள் யாராவது இதைக் கேட்டால், உடம்பில் நடப்பதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். ஊர் சொல்லும் பாவக் கதையை நம்பாதீர்கள். சாமியிடம் போய் நியாயம் கேளுங்கள். கோபத்தோடு கேட்டவளையும் கொளஞ்சியப்பர் கைவிடவில்லை.