வியாழக்கிழமை வகுப்பும் அக்கா சொல்லாத பெயரும்

அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைப் பெறும் உறவினர்களில் பலருக்கு அவரை நல்ல ஆசிரியையாகத் தெரியும். பள்ளியில் அவருடைய கடைசி ஆண்டு எப்படிக் கழிந்தது என்பது சிலருக்கே தெரியும். நாளிதழில் செய்தி திருத்துவது என் வேலை. தெரிந்ததை வரிசையாகச் சொல்ல முயல்கிறேன்.

அக்கா பிறந்தது மயிலாப்பூரில், சித்திரைக்குளத்துக்குப் பின்புறம் இருந்த ஒரு வாடகை வீட்டில். அப்பா நீதிமன்ற எழுத்தர். அக்கா கல்லூரியில் சேர்ந்த ஆண்டு அவர் காலமானார். அதன் பிறகு அம்மாவையும் என்னையும் தாங்கியது அக்காவின் சம்பளம். அவருக்குத் திருமணம் ஆகவில்லை. பேச்சு வந்த போதெல்லாம் அவரே அதை முடித்துவைத்தார். ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை, அவர் சொன்னதுமில்லை.

கோபாலபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் அவர் வரலாறு கற்பித்தார். பாடநூலை மட்டும் வைத்துக்கொண்டு கற்பிக்க அவரால் முடியவில்லை. வியாழக்கிழமை கடைசி இரண்டு பாடவேளைகளில் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளைப் பஸ்ஸில் ஏற்றி அடையாற்றில் உள்ள ஒரு பழைய நூலகத்துக்கு அழைத்துச் செல்வார். அங்கே நாளிதழ்கள் ஆண்டுவாரியாக பைண்டு செய்து வைக்கப்பட்டிருந்தன. அந்த வாரத்துச் செய்தி ஒன்றையும், அதே மாதிரியான பழைய செய்தி ஒன்றையும் இரண்டு இரண்டு பேராக எடுத்துப் படிக்க வேண்டும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே அதை யார் சொன்னது என்று எழுத வேண்டும். அமைச்சர் சொன்னது, போலீஸ் சொன்னது, நேரில் பார்த்தவர் சொன்னது. எவரும் இல்லை என்றால் ‘யாரோ’ என்று எழுதுவார்கள். செய்தியின் வயது என்ன என்பதல்ல, வாய் எது என்பதுதான் அக்காவின் கேள்வி.

மற்ற ஆசிரியைகளுக்கு இது தொல்லையாகிவிட்டது. ஒருவர் என்னிடமே சொன்னார்: “உங்கக்கா கிளாஸ் பொண்ணுங்க சும்மா இருக்கறதில்லை சார். பூமி உருண்டைன்னு சொன்னா, யார் மிஸ் சொன்னதுன்னு கேக்குதுங்க.”

பெற்றோர் கூட்டத்திலும் முணுமுணுப்பு இருந்தது. பரீட்சைக்கு வராததற்கு எதற்கு பஸ்ஸில் போக வேண்டும் என்றார்கள். அக்கா பொறுமையாகப் பதில் சொன்னார், வகுப்பை நிறுத்தவில்லை.

ஒரு புயல் காலத்தில், கடலில் இறந்தவர்களைப் பற்றிய செய்திகளை அவர் பாடமாகக் கொடுத்தார். வகுப்பில் மகேஸ்வரி என்ற மாணவி இருந்தாள். பட்டினப்பாக்கத்து மீனவர் வீட்டுப் பெண். அவளுடைய தந்தை சில ஆண்டுகளுக்கு முன் கடலில் இறந்தவர். அந்தச் செய்தி மாணவிகள் புரட்டிய பழைய நாளிதழ்த் தொகுதியிலேயே இருக்கும் என்று அக்கா நினைத்துப் பார்க்கவில்லை.

மறுவாரம் அந்தத் தொகுதியைத் திறந்தபோது ஒரு பக்கத்தில் தீப்பெட்டி அளவுக்கு ஓட்டை இருந்தது. பென்சில் சீவும் பிளேடால் ஓரம் பிசிறாமல் வெட்டப்பட்டிருந்தது. நூலகர், வெட்டியவர் யார் என்று தெரியும் வரை அந்தப் பள்ளியிலிருந்து எவரும் உள்ளே வரக்கூடாது என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் தவறில்லை. அந்தப் பக்கத்துக்கு மறுபிரதி அங்கே கிடையாது.

அக்கா அன்று மாலை என் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினார். வெட்டப்பட்ட பக்கத்தின் தேதியைச் சொல்லி, அன்று எங்கள் இதழில் கடலில் இறந்தவர் பற்றிய செய்தி ஏதாவது உள்ளதா என்று பார்க்கச் சொன்னார். இருந்தது. ஐந்து வரி. பட்டினப்பாக்கத்து மீனவர் ஒருவர் குடிபோதையில் கட்டுமரத்திலிருந்து தவறி விழுந்து இறந்ததாகப் போலீசார் தெரிவித்தனர் என்று பெயருடன் போட்டிருந்தோம். படித்துக் காட்டினேன். பெயரை இன்னொரு முறை படிக்கச் சொன்னார்.

“மகேஸ்வரியோட அப்பாடா” என்றார். பிறகு, “நீங்களும் அதே ஸ்டேஷன்ல கேட்டுத்தானே எழுதினேள்? அப்போ ரெண்டு பேப்பர்ல வந்தாலும் வாய் ஒண்ணுதான்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை பட்டினப்பாக்கத்துக்கு அவரோடு நானும் போனேன். அவருக்கு அப்போதே கால்கள் வீங்கத் தொடங்கியிருந்தன. வழியில் இரண்டு இடங்களில் நின்றார். மகேஸ்வரியின் தாய் மீன் கூடையை ஒதுக்கிவிட்டு எழுந்தார்.

“வாங்க டீச்சர். இன்னா பண்ணிச்சு எங்க பொண்ணு?”

“ஒண்ணும் பண்ணலை. அவ அப்பாவைப் பத்திக் கேக்க வந்தேன்.”

“பேப்பர்ல குடிச்சிட்டு உய்ந்தாருன்னு போட்டானுங்களே, அதுவா? அந்த மனுசன் வாசனை கூட புடிக்காதவரு. அலை பொரட்டிச்சி, மரம் கவுந்துச்சி. கூட போனவங்க ரெண்டு பேரும் இங்கதான் கீறாங்க, கேட்டுக்கோங்க. எவனும் இங்க வந்து கேக்கல. ஸ்டேசன்ல குந்திகினு எய்திகினு பூட்டானுங்க.”

உடன் சென்ற இருவரையும் அக்கா விசாரித்தார். இருவரும் அதையே சொன்னார்கள். மகேஸ்வரி வாசலில் நின்றிருந்தாள். அக்கா கேட்பதற்கு முன்பே பேசினாள்.

“நாந்தான் வெட்டுனேன் டீச்சர். அடுத்த வாரம் அந்தப் பக்கம் வேற பொண்ணுங்க கைக்குப் பூடும். எங்க நைனா பேரைப் படிச்சி சிரிப்பாங்க. யாரு சொன்னதுன்னு எதிர்ல எய்துவாங்க. போலீஸ்னு எய்துனா, அப்போ நெசம்தானேன்னு ஆயிடும்.”

அக்கா அவளைத் திட்டவில்லை. “வெட்டினதால அது பொய்யாயிடாது மகேஸ்வரி. பாத்தவங்க இங்க இருக்காங்கன்னு நீ எழுதியிருக்கணும்” என்றார். திரும்பும் வழியில் என்னிடம், போலீஸ் என்று எழுதினால் போதும் என்று தாம்தான் கற்றுக்கொடுத்ததாகச் சொன்னார்.

திங்கட்கிழமை தலைமையாசிரியை அக்காவை அழைத்தார். அந்த உரையாடலை அக்கா அன்றே எனக்குச் சொன்னார்.

“பேரைச் சொல்லுங்க. டி.சி. குடுத்து அனுப்பிடறோம். மத்த பொண்ணுங்களுக்கு உங்க கிளாஸ் நடக்கும்.”

“பேர் தெரியும் மேடம். சொல்லமாட்டேன்.”

“அப்போ கிளாஸ் வேண்டாமா?”

“வேணும். ஆனா ஒரு பொண்ணை வெளிய தள்ளித்தான் நடத்தணும்னா வேண்டாம்.”

நான் அவரிடம், “தெரியாதுன்னு சொல்லிட்டாப் போறது அக்கா” என்றேன். நிர்வாகத்துக்கு அதுவே போதுமானதாக இருந்திருக்கும்.

“தெரியுமேடா” என்றார்.

தெரியும் என்று சொல்லிவிட்டுப் பெயரை மறுத்ததை நிர்வாகம் திமிராக எடுத்துக்கொண்டது. வியாழக்கிழமை வகுப்பு நிறுத்தப்பட்டது. அடுத்த கல்வியாண்டில் அக்காவை ஆறாம் வகுப்புக்கு நீதிபோதனையும் கைவேலையும் நடத்தச் சொன்னார்கள். அவர் நடத்தினார். தையல் ஊசி கோக்கக் கண் தெரியவில்லை என்று மாணவிகளிடம் கொடுத்துக் கோத்துக்கொள்வார். வகுப்பைத் திரும்பத் தரும்படி இரண்டு முறை விண்ணப்பித்தார். பதில் வரவில்லை.

சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்துவிட்டன என்பது அந்த ஆண்டின் நடுவில் தெரிந்தது. ராயப்பேட்டையில் ஒரு மருத்துவமனையில் டயாலிசிஸ் செய்தோம். கைநரம்புகள் கறுத்துப்போயின. தண்ணீர் அளந்து குடிக்க வேண்டியிருந்தது. ஐஸ் துண்டை வாயில் வைத்துக்கொண்டு நாளிதழ் படிப்பார். பேப்பர் தூக்க முடியாமல் போனபோது நான் படித்தேன். ஒரு நர்ஸ், “எல்லாரும் சாமி பேரு சொல்லுவாங்க. உங்கக்கா தலைப்புச் செய்தி கேக்கறாங்க” என்றார். கடைசி வாரத்தில் அதையும் கேட்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். வியாழக்கிழமையா என்று ஒரு முறை கேட்டார். இல்லை என்றேன். மறுநாள் காலை மூச்சு நின்றது.

இரங்கல் கூட்டத்தில் பள்ளியின் சார்பில் பேசியவர், உடல்நலம் கருதி அக்கா தாமாகவே வகுப்பைக் குறைத்துக்கொண்டதாகச் சொன்னார். அது சரியல்ல. வகுப்பு அவரிடமிருந்து பறிக்கப்பட்டபோது நோய் இருப்பதே எங்களுக்குத் தெரியாது.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். மாடிப்படியில் அக்காவை நாற்காலியோடு தூக்கி இறக்கிய எதிர்வீட்டுச் சகோதரர்கள். மருத்துவமனைக்குப் போகும் நாளெல்லாம் வேறு சவாரி எடுக்காமல் காத்திருந்த குளக்கரை ஆட்டோக்காரர். ரத்தம் கொடுக்க வரிசையில் நின்ற பழைய மாணவிகள். அம்மாவை ஒரு வேளையும் தனியாகச் சாப்பிட விடாத சித்தி. இவர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

மகேஸ்வரியையும் இங்கே குறிப்பிட வேண்டும். காரியங்கள் முடிந்த பின் வீட்டுக்கு வந்தாள். அன்று காலை நூலகத்துக்குப் போய், தானே வெட்டியதாக நூலகரிடம் சொல்லிவிட்டு வந்திருந்தாள். பள்ளியிலும் சொல்லிவிட்டாள்.

“டீச்சர் இருக்கசொல்லோ சொல்ல தெகிரியம் வரல சார். நீங்க எய்துனா எம் பேரைப் போட்டே எய்துங்க” என்றாள். அதனால்தான் இங்கே அவள் பெயர் இருக்கிறது.

நூலகர் அவள் மீது நடவடிக்கை எடுக்கவில்லை. மாணவிகளை மறுபடி அனுப்பலாம் என்று பள்ளிக்குத் தகவல் கொடுத்தார். அழைத்துப்போகும் பொறுப்பை ஏற்க ஆசிரியைகளில் எவரும் முன்வரவில்லை. வியாழக்கிழமை கடைசி இரண்டு பாடவேளைகளில் இப்போது கணக்குப் பயிற்சி நடக்கிறது.