ப்ளோயர் பூட்டிய வண்டி

எனக்குக் கல்யாணமாகி வந்தபோதே அந்தக் கார் வீட்டில் இருந்தது. இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, துணிக்கூரையைப் பின்னால் மடக்கிவிடும் கரும்பச்சை நிற இங்கிலீஷ் கார். சென்னையில் வேலை பார்த்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது விற்றதை என் கணவர் வாங்கியிருந்தார். அறுபதுகளின் கடைசியில் காஞ்சிபுரத்தில் கார் வைத்திருந்தவர்களே குறைவு. அவர்களும் பிள்ளைகுட்டிகளோடு மொத்தக் குடும்பமும் ஏறிக்கொள்கிற மாதிரி பெரிய காராகத்தான் வைத்திருந்தார்கள். "ரெண்டு பேரு குந்துறதுக்கு ஒரு காரா?" என்று என் மாமியார் கடைசிவரை அந்தக் காரோடு சமாதானமாகவில்லை.

என் கணவருக்கு வாலாஜாபாத்தில் அரிசி மில். வீடு காஞ்சிபுரத்தில், நெசவாளர்கள் நெருங்கி வாழ்ந்த ஒரு தெருவின் முனையில். காலையில் மில்லுக்குப் போவார், விளக்கு வைப்பதற்குள் திரும்பிவிடுவார். மற்ற மில்காரர்கள் கணக்கு முடித்து வர இருட்டிவிடும். இவர் மட்டும் வெளிச்சம் இருக்கும்போதே வாசலில் ஹாரன் அடிப்பார். புதுப் பெண்டாட்டி வந்ததிலிருந்து இப்படி என்று மாமியார் அண்டை வீட்டில் சொல்லிச் சிரித்ததை நான் கேட்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. உள்ளுக்குள் பெருமையாகவும் இருந்தது.

நாங்கள் கல்யாணமான மூன்றாவது வருஷமோ நாலாவது வருஷமோ அந்த ப்ளோயர் வந்தது. சென்னைக்கு வடக்கே பழைய விமான ஓடுதளத்தில் கார் ரேஸ் நடக்கும். அதில் ஓட்டுகிற சிநேகிதர் ஒருவர் இங்கிலாந்திலிருந்து தருவித்து, தன் வண்டிக்குப் பொருந்தாமல் இவருக்குக் கொடுத்தது. மரப்பெட்டிக்குள் வைக்கோல் பொதிந்து, பார்க்க ஒரு பெரிய அம்மிக்கல் அளவில் இருந்தது. எஞ்சினின் பக்கத்தில் பூட்டி பெல்ட்டால் சுற்றவிட்டால் அது காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிக்குமாம். காற்று கூடினால் பெட்ரோலும் கூட எரியும், இழுவை கூடும் என்று கூடத்தில் உட்கார்ந்து எனக்கு விளக்கினார். நான் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கோயில் தேர் வடம் பிடிக்கப் போகிறவர் போல அவ்வளவு பரபரப்பு.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஷெட் வைத்திருந்த மெக்கானிக்கை எல்லோரும் பாய் என்பார்கள். அவருக்கு ப்ளோயர் பூட்டுவதில் இஷ்டமில்லை.

"நல்லா ஓடற வண்டி சார். இது நெஞ்சுல நெருப்ப வைக்கிற மாதிரி. நம்ம ஊரு பெட்ரோலுக்குத் தாங்குமான்னு தெரியல."

"தாங்கற வரைக்கும் ஓடட்டும் பாய்," என்றார் இவர்.

பூட்டி முடிக்க மாதக்கணக்கில் ஆயிற்று. கார்பரேட்டரை இடம் மாற்ற வேண்டியிருந்தது. பானெட் மூடாமல் அதில் ஓர் ஓரத்தை வெட்டித் தகரம் வைத்துத் தட்டினார்கள். ஒருவழியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டி வந்ததும் முதலில் என்னைத்தான் கூப்பிட்டார்.

"வாம்மா, போய்ட்டு வரலாம்."

ஊரைத் தாண்டி வாலாஜாபாத் சாலையில் புளியமரங்களுக்கு நடுவே வந்ததும் ஆக்ஸிலேட்டரை அழுத்தினார். எஞ்சின் சத்தத்துக்கு மேலே சங்கு ஊதுவது போல ஒரு கூவல் எழுந்தது. யாரோ இரண்டு தோளையும் பிடித்து சீட்டோடு வைத்து அழுத்தின மாதிரி இருந்தது. தலை முந்தானை பறந்து போயிற்று. நான் கத்தினேன், அவர் சிரித்தார். அவர் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

அதன்பிறகு எங்கே போனாலும் நானும் போனேன். மில்லுக்கு, செங்கல்பட்டுக்கு, பாலாற்றுப் பாலம்வரை சும்மா. மாமியார் முகத்தைத் திருப்பிக்கொள்வார். தெருவில் பெண்கள் தறியை நிறுத்திவிட்டு வந்து பார்ப்பார்கள். எனக்கு ஒரு பழக்கம், கண்ணில் பட்டதையெல்லாம் சொல்லிக்கொண்டே வருவேன். "அதோ மாட்டு வண்டி வருது. நாய் ஒண்ணு குறுக்க போவுது. அந்தம்மா தலையில இன்னா கூடை, கத்திரிக்காயா?" என் பிறந்த வீட்டில் வாயாடி என்று பெயர் வாங்கி, குட்டு வாங்கி வளர்ந்தவள் நான். அப்பா முன்னால் பேச்சே கூடாது. இவர் மட்டும், நான் கொஞ்சம் மௌனமானால் போதும், "ஏம்மா, பேசிக்கினே வாயேன்" என்பார். என் பேச்சை விரும்பிக் கேட்க ஒரு மனிதர் கிடைத்தார் என்று கோயிலுக்குப் போகும்போதெல்லாம் அம்மனிடம் சொல்லியிருக்கிறேன்.

ப்ளோயர் படுத்திய பாடு வேறு. வெயில் ஏறினால் ரேடியேட்டர் கொதித்துவிடும். ஒரு தகர டின்னில் தண்ணீர் இல்லாமல் நாங்கள் கிளம்பியதே இல்லை. பெல்ட் அறுந்துபோகும். பெட்ரோலைக் குடம் குடமாகக் குடித்தது. அழுத்தி ஓட்டினால் உள்ளே கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவது போல ஒரு சத்தம் வரும். அது நல்லதில்லை என்று பாய் எச்சரித்திருந்தார். அய்யம்பேட்டையைத் தாண்டும்போது ஒருநாள் அந்தச் சத்தம் திடீரென்று நின்று, பின்னாலிருந்து நீலப் புகை கிளம்பியது. வண்டி நின்றுவிட்டது.

வைக்கோல் இறக்கிவிட்டு வெறும் மாட்டு வண்டியோடு வந்த ஒருவர் அதன் பின்னால் காரைக் கட்டி எங்களை இழுத்துக்கொண்டு வந்தார். வழிநெடுக அவருக்கு ஒரே சந்தேகம்.

"இது வேகமாப் போறதுக்குன்னு ஏதோ வச்சிருக்கீங்கன்னு பேசிக்கிறாங்களே, நெசமாங்க?"

"நெசந்தான்," என்றார் இவர்.

"அப்படி இன்னாங்க அவசரம்?"

இவர் சாலையை நேராகப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பாய் எஞ்சினைப் பிரித்தபோது ஒரு பிஸ்டன் தலையில் சுண்டுவிரல் நுழைகிற ஓட்டை. உருகிப்போயிருந்தது. ப்ளோயரைக் கழற்றிப் போடுங்கள் என்று பாயும் சொன்னார், மாமியாரும் சொன்னார், நானும் சொன்னேன். அவர் கேட்கவில்லை. "அடுத்த வருஷம் பாத்துக்கலாமே" என்று நான் கெஞ்சியபோது, "அடுத்த வருஷம்லாம் வேணாம்மா, இப்பவே ஓட்டணும்" என்றார். சின்னப் பிள்ளை அடம் என்றுதான் எடுத்துக்கொண்டேன். ப்ளோயர் கொடுத்த சிநேகிதர் ரேஸுக்கு வரும்படி ஆள் மேல் ஆள் அனுப்பினார். அதற்கு மட்டும் போகவில்லை. இவ்வளவு செய்துவிட்டு ஏன் போகவில்லை என்றால், "அங்க ஒருத்தர்தான் குந்தணும். நீ இல்லாம இன்னா ரேஸு" என்றார். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு நான் பல நாள் மனசுக்குள் பூரித்திருக்கிறேன்.

புது பிஸ்டன் போட்டு வண்டி மறுபடி ஓட ஆரம்பித்த கொஞ்ச நாளில் அது நடந்தது. விடிந்து சற்று நேரம். எங்கள் தெருவில் காலையில் பாவு விரிப்பார்கள். தறியில் ஏற்றுவதற்குமுன் பட்டு இழைகளைத் தெருவோரமாக நீளத்துக்குக் கட்டி, நாலைந்து பேர் நின்று இழை இழையாகச் சரிபார்ப்பார்கள். அன்று நாங்கள் ஏனாத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போகவேண்டும். அவர் காரை வெளியே எடுத்தார். நான் கேட்டைச் சாத்திக்கொண்டிருந்தேன். தெருவின் மறுமுனையில் நிற்கிறேன் என்று சொல்லி மெல்லத்தான் நகர்த்தினார்.

நான் திரும்பிப் பார்த்தபோது கார் பாவுக்குள் போய்க்கொண்டிருந்தது. கண்முன்னே, காலை வெளிச்சத்தில், வேகமே இல்லாமல். ஜனங்கள் கத்தக் கத்த நின்றபாடில்லை. நின்றபோது அரக்குச் சிவப்புப் பட்டு முழுவதும் சக்கரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. ஒருத்தருக்கும் அடி படவில்லை. பாவு போயிற்று.

அந்த வீட்டுப் பெரியவர் ஓடிவந்தார். எப்போதும் இவரைப் பார்த்தால் துண்டை இறக்குகிறவர்.

"கண்ணு இன்னா பொடனியிலயா இருக்குது? இவ்ளோ நீளத்துக்குக் கட்டிக்கினு நிக்கிறோம், தெரியல உனக்கு?"

என் கணவர் கீழே இறங்கினார். பெரியவர் அவருடைய இடப்பக்கம், ஒரு கை தூரத்தில் நின்றிருந்தார். இவரோ எதிரே காலியாக இருந்த இடத்தைப் பார்த்து, "மன்னிச்சிடுங்கய்யா, தெரியல" என்றார். குரல் வந்த பக்கம் தலையைத் திருப்பித் தேடினார். அந்தத் தேடலைப் பார்த்ததும்தான் அவருக்குக் கண் தெரியவில்லை என்பது எனக்கு உறைத்தது. பெரியவருக்கும் புரிந்துவிட்டது போல. அதற்குமேல் ஒரு வார்த்தை திட்டவில்லை. அவர் மருமகள் மட்டும் சக்கரத்தருகே குந்தி, அறுந்த இழைகளைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டிருந்தாள். சேதத்துக்கு ஈடு செய்தோம். ஆனால் அந்தப் பெண் உட்கார்ந்திருந்த விதம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

கல்யாணத்துக்குப் போகவில்லை. காரைத் தெருக்காரர்கள் தள்ளிக்கொண்டுவந்து விட்டார்கள். கூடத்தில் உட்கார்ந்து அவர் எல்லாவற்றையும் சொன்னார். ப்ளோயர் வருவதற்கு முந்தின வருஷமே சென்னையில் கண் டாக்டரிடம் போயிருக்கிறார். இருட்டினால் சரியாகத் தெரிவதில்லை, அது சிறு வயதிலிருந்தே இருக்கிறது, கல்யாணமான சமயத்தில் முற்றிவிட்டது. இப்போது பகலிலும் இரண்டு பக்கமும் மறைந்துகொண்டே வருகிறது. ஒரு குழாய் வழியாகப் பார்ப்பது போல நடுவில் மட்டும் தெரியும். குழாய் சிறுத்துக்கொண்டே போய் ஒருநாள் மூடிக்கொள்ளும். வைத்தியம் கிடையாது.

"இருக்கற வரைக்கும் நல்லா ஓட்டிடணும்னு தோணுச்சு. அதுக்குத்தான் ப்ளோயர்."

"பக்கத்துல நானும் இருந்தேனே," என்றேன். "என் உசுரு?"

"நீ இருந்ததாலதாம்மா ஓட்டினேன். நீதான் சொல்லிக்கினே வருவியே. வண்டி வருது, நாய் வருதுன்னு. உன் கண்ணாலதான் ஓட்டினேன்."

நல்லது சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார். எனக்குக் கேட்டது வேறு. பேசிக்கினே வா என்றது அதற்காகத்தானா? நீ இல்லாம இன்னா ரேஸு என்றது? பொழுதோடு வீட்டுக்கு வந்தது? இத்தனை வருஷம் நான் சேர்த்துவைத்திருந்ததெல்லாம் ஒரே மூச்சில் கைவிட்டுப் போயிற்று. குருடாகப் போகிற மனிதர் எதிரே உட்கார்ந்திருக்க, நான் எனக்காக அழுதேன். அவருக்காக அழுததெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பல நாள் சரியாகப் பேசாமல் இருந்தேன். பிறகு இரண்டு பேரும் பஸ்ஸில் சென்னைக்குப் போய் டாக்டரைப் பார்த்தோம். அவர் அதையேதான் சொன்னார். சொந்தத்தில் கல்யாணம் செய்த குடும்பமா என்று கேட்டார். ஆமாம், மாமியார் தன் தாய்மாமனையே கட்டிக்கொண்டவர். திரும்பி வந்து நான் அதை வீட்டில் சொன்னதும், அத்தனை நாள் காரைத் திட்டிக்கொண்டிருந்த அம்மாள் சாமி அறைக்குள் போய் உட்கார்ந்துவிட்டார். அதன்பின் அவர் காரைப் பற்றி வாயே திறக்கவில்லை.

என் கணவர் காரை ஷெட்டில் போட்டுவிடத்தான் இருந்தார். நான்தான் ஓட்டக் கற்றுக்கொடுங்கள் என்றேன். ஏன் கேட்டேன் என்று இப்போதும் முழுசாகத் தெரியாது. பாதி அவர்மேல் இரக்கம், பாதி கோபம். மில்லில் நெல் காயப்போடும் களத்தில், நெல் இல்லாத நாளில், நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்தேன். அவர் பக்கத்தில். களத்தில் வேலை செய்த பெண்கள் முறத்தை வைத்துவிட்டுச் சிரித்தார்கள். ஒருத்தி, "நல்லா ஓட்டுமா, எங்களயும் ஏத்திக்கினு போ" என்று கத்தினாள்.

ஒரு வருஷத்துக்குமேல் அப்படி ஓட்டினேன். மில்லுக்கும் வீட்டுக்கும் நான்தான். ப்ளோயரின் கூவலை வைத்தே கியர் மாற்றச் சொல்வார். "இப்ப. ம், மாத்து." நான் பேசாமலே ஓட்டுவேன். சாலையைப் பார்த்தாக வேண்டும் அல்லவா. "அந்தப் பக்கம் இன்னா இருக்குது?" என்று அவராகக் கேட்டால்தான் சொல்வேன். சில நாள் கேட்பார். சில நாள் முகத்தைக் காற்றுக்குக் கொடுத்துக் கண்ணை மூடிக்கொண்டிருப்பார்.

பெட்ரோல் விலை எக்கச்சக்கமாக ஏறிய வருஷத்தில் ப்ளோயர் உள்ளுக்குள் இறுகி நின்றுபோயிற்று. அதற்கு உதிரிச் சாமான் எங்கும் கிடைக்கவில்லை. பாய் அதைக் கழற்றிவிட்டுப் பழைய மாதிரியே கார்பரேட்டரை வைத்துக் கொடுத்தார். வண்டி சாதுவாக ஓடியது. அன்று மில்லிலிருந்து வரும்போது பாதி வழியில் அவர், "வித்துடலாம்மா" என்றார். வேலூரிலிருந்து ஒருவர் வந்து வாங்கிக்கொண்டு போனார். அப்போது என் கணவருக்கு வெளிச்சம் இருட்டு மட்டும்தான் தெரியும்.

காருக்குப் பிறகு நாங்கள் பஸ்ஸில்தான் வாலாஜாபாத் போய்வந்தோம். என் தோளில் கை வைத்துக்கொண்டு ஏறுவார். பல வருஷம் கழித்து, அப்படி ஒரு மத்தியானம், கூட்டமில்லாத பஸ்ஸில், எதையும் யோசிக்காமல் கேட்டுவிட்டேன்.

"அன்னிக்கெல்லாம் என்னை எதுக்குக் கூட்டிக்கினு போனீங்க? ஆசையிலயா, கண்ணுக்காகவா?"

நான் எதைக் கேட்கிறேன் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்தது.

"மொதல்ல ஆசையிலதான். அப்புறம் கண்ணுக்காக. எப்ப மாறுச்சுன்னு எனக்கே தெரியலம்மா."

பொய் சொல்லியிருக்கலாம். ஆசைதான் என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன், நம்பவும் தயாராக இருந்தேன். அவர் சொல்லவில்லை. எனக்கு அழுகை வந்தது, ஆனால் மனசு என்னவோ லேசானது. வாலாஜாபாத் வந்துவிட்டது என்று கண்டக்டர் குரல் கொடுத்தார். நான் முதலில் இறங்கி, படி எவ்வளவு உயரம் என்று அவருக்குச் சொன்னேன்.